மோப்பத்தின் மூக்கு

என் மனைவியின் அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் வேலை செய்யும் கார் கழுவும் கடையில் முதலாளியம்மா தொடங்கி வண்டி விட வருகிறவர்கள் வரை எல்லாருக்கும் அவர் ‘மோப்பம்’தான். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்தக் கடைக்கு வேண்டிய திரவங்களைத் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. வண்டியின் மேல் வண்ணத்துக்கு எந்த ஷாம்பு, சக்கரத்துக்கு எது, உள்ளே சீட்டுக்கு எது, கண்ணாடிக்கு எது, டேஷ்போர்டுக்கு எது என்று அவர் சொன்னால்தான் கேன் உள்ளே வரும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை அவர் படிப்பதே இல்லை. மூடியைத் திறப்பார், மோந்து பார்ப்பார், ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்ப்பார், மறுபடி மோப்பார். கடைசிச் சோதனைதான் பேர்போனது. புதுப் பொருளை ஒரு வண்டிக்குள் பூசிவிட்டு, உள்ளே ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கடையில் அதற்கு ‘அடைகாக்கிறது’ என்று பெயர். அந்த நேரத்தில் யார் வந்து கேட்டாலும் “மோப்பம் அடைகாக்குது, அப்புறம் வாங்க” என்பார்கள்.

நான் அவரை முதலில் பார்த்ததே அந்தக் கோலத்தில்தான். தன் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வேலை என்ன, படிப்பு என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. “கார் சாவியக் கொஞ்சம் குடுங்க” என்றார். ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று கொடுத்தேன். வாசலில் நின்ற என் பழைய வண்டிக்குள் ஏறி அடைகாக்கத் தொடங்கிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்த என் அம்மா, “அவருக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்று பதறினாள். அவர் அன்று தங்கையிடம் சொன்ன தீர்ப்பு எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. “சிகரெட் இல்ல. குடி இல்ல. ஆனா வண்டியில உக்காந்து சாப்பிடறான். டிரைவர் சீட்டுப் பக்கம் மட்டும்தான் வாசனை. அப்ப தனியாத்தான் சாப்பிடறான். வீட்ல ஒத்துமை இல்லையோ என்னமோ, விசாரிக்கணும்.”

பிறவியிலேயே சந்தேகத்தோடு வந்தவர் என்று உறவினர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்தது, இந்த மாதிரித் திரவங்களைக் கலந்து கேனில் அடைக்கும் ஒரு கொட்டகையில். அங்கே ஒரே ஒரு பெரிய தொட்டிதான் இருந்தது. அதிலிருந்து எடுத்ததில் நீலச் சாயம் விட்டால் உள்ளே துடைப்பதற்கு, மஞ்சள் விட்டால் வெளியே கழுவுவதற்கு, பச்சை விட்டால் டயருக்கு. சாயத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் வாசனை. தொட்டியைக் கலக்கியவர் இவர்தான். கலக்கியவனுக்கு வேறு எந்தத் தொட்டியின் மேலும் நம்பிக்கை வருவது கடினம். அவருடைய சந்தேகம் ஞானமும் அல்ல, நோயும் அல்ல; பழைய வேலையிலிருந்து ஒருவன் கையோடு எடுத்துவந்த தழும்பு போன்றது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தத் தழும்பால் கடைக்கு நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. டேஷ்போர்டு பளபளவென்று மின்னினால் வாங்குகிறவன் மயங்குவான். இவர் முகம் சுளிப்பார். அந்தப் பளபளப்பு வெயிலில் முன் கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுகிறவன் கண்ணைக் கூசச் செய்யும் என்பார். பூசிய மறுநாள் விரலால் தடவிப் பார்த்து, ஒட்டினால் தூசியை இழுக்கும் என்று கேனைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஸ்டீயரிங்கில் வழவழப்பு மிச்சம் இருந்தால் விற்றவனைக் கூப்பிட்டு, “இதப் புடிச்சு நீ ஓட்டு, நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறேன்” என்பார். மறுபக்கம், நல்ல பொருள் கொண்டுவந்தவர்களும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் தன் சரக்கின் தரத்தை நிரூபிக்க அதில் கை கழுவி, முகமும் கழுவிக் காட்டினார். “இவ்ளோ தூரம் போறான்னா உள்ள ஏதோ இருக்கு” என்று மோப்பம் அதையும் வேண்டாம் என்றுவிட்டார்.

சென்ற வருடம் மழைக்காலத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. சளி, இருமல், உடம்புவலி எல்லாம் சேர்ந்து படுக்கையில் போட்டுவிட்டன. எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதல் சந்தேகம் வீட்டிலேயே ஆரம்பித்தது.

“காப்பித்தூள்ல என்னடி கலந்த?” என்று மனைவியிடம் கேட்டார்.

அந்த அக்கா சளைத்தவள் அல்ல. “விஷம் கலந்தேன். இன்னும் வேலை செய்யல.”

“சொல்லு. கடைய மாத்திட்டியா?”

“கடையும் அதே கடை. தூளும் அதே தூள். குடிக்கற வாய்தான் ஒரு வாரமா பட்டினி கெடந்திருக்கு.”

அன்று மாலை அவர் தானே வேறு கடைக்குப் போய் வேறு தூள் வாங்கி வந்தார். அதிலும் வாசனை இல்லை. ‘ரெண்டு கடைக்காரனும் ஒரே இடத்துல சரக்கு எடுக்கறான்’ என்று முடிவுக்கு வந்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று வழக்கமாக ஷாம்பு கொண்டுவரும் கேன்காரர் வந்தார். மோப்பம் மூடியைத் திறந்து மோந்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்னய்யா இது? ஷாம்புவா, தண்ணியா?”

“போன மாசம் எடுத்தீங்களே, அதேதாண்ணே.”

“போன மாசம் வாசனை இருந்துச்சு.”

“இப்பவும் இருக்கே. மூக்கத் துளைக்குதே!”

“யார் மூக்க?”

கேன்காரர் பாவம், தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேன் திரும்பிப் போயிற்று. அடுத்த நாள் கண்ணாடித் திரவம் போயிற்று. சீட்டுக்குப் பூசும் கிரீமும் போயிற்று. கடையில் வண்டிகளின் உள்ளே வேக்கூம் வைத்து உறிஞ்சிப் பெருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அந்த இயந்திரத்தின் இரைச்சலோடு பேசிப் பேசி எப்போதும் உச்சக் குரல்தான். அவளை ‘வேக்கூம்’ என்றே கூப்பிடுவார்கள். அவள், “மோப்பம் அண்ணே, எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டா நான் என்ன எச்சில் தொட்டா தொடைக்கறது?” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் வந்தார். சிகிச்சைக்கு நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிடும் வேன்கள் அவர்களிடம் பல இருந்தன. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“மருந்து ஏத்திக்கிட்டு திரும்பிப் போறவங்க. கொஞ்சம் வாசனை பட்டாப் போதும், வாந்தி எடுத்துடுவாங்க. எலுமிச்சை வேண்டாம், ரோஜா வேண்டாம், ஃபினாயில் வேண்டவே வேண்டாம். உள்ளயும் சரி வெளியவும் சரி, நீங்க எதப் போட்டாலும் அது இருக்கறதே தெரியக் கூடாது. ஒரு வண்டிய விட்டுட்டுப் போறேன். அடுத்த வாரம் வந்து உக்காந்து பார்ப்பேன்.”

முதலாளியம்மா, “கவலையே படாதீங்க. எங்ககிட்ட மோப்பம் இருக்காரு” என்றார். நர்ஸ் போன பிறகு மோப்பத்தைத் தனியே கூப்பிட்டார். “இது அமைஞ்சா ஆஸ்பத்திரி வண்டி மொத்தமும் நம்மகிட்ட வரும். சொதப்பினேன்னு வையி, பொருள் வாங்கற வேலைய என் தம்பி மகன்கிட்ட குடுத்துடுவேன். நீ பழையபடி தண்ணிக் குழாயப் புடிச்சுக்கோ. இப்பவே நீ எல்லாரையும் திருப்பி அனுப்பறது எனக்குப் புடிக்கல.”

ஐம்பதைத் தாண்டிய மனிதர். காலையிலிருந்து மாலைவரை ஈரத்தில் நின்று குழாய் பிடிக்க அவர் முழங்கால்கள் ஒத்துழைக்காது. அதிலும், அந்தத் தம்பி மகனின் கீழே நின்று பிடிக்க வேண்டும் என்பது முழங்காலைவிடப் பெரிய வலி.

மூன்று விற்பனைக்காரர்களிடம் மாதிரி கேட்டார். மூவரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தவர், வந்ததும் வராததுமாகக் குரலைத் தாழ்த்தினார்.

“மாப்ள, மூணு பேரும் வாசனையே இல்லாத சரக்குக் குடுத்திருக்கானுங்க.”

“அதத்தானே மச்சான் கேட்டீங்க?”

“கேட்டேன். ஆனா கேட்டத யாராவது குடுப்பானா? அதுவும் மூணு பேரும்?”

“ஒருத்தனாவது திருந்தக் கூடாதா?”

“ஒருத்தன் திருந்தலாம். ஒரே நாள்ல மூணு பேரும் திருந்தினா அதுக்குப் பேரு திருந்தறது இல்ல மாப்ள. பேசி வெச்சுக்கறது.”

என் மனைவி உள்ளிருந்து, “அண்ணா, உனக்கு நல்லது நடந்தாக்கூட போலீஸக் கூப்பிடுவே” என்றாள்.

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் ஓர் ஒழுங்கு இருந்தது. உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் மாறிவிட்டதாகத் தோன்றினால், மாறியது உலகமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தப் படிவரை அவர் சரியாகவே ஏறியிருந்தார். அடுத்த படியில்தான் கால் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவன் என்று சிலரைச் சொல்கிறோம். அப்படி ஒருவனை நான் புத்தகங்களிலும் சந்தித்ததில்லை. ஊன்றி நிற்க ஓர் அடி நிலத்தை எவனும் மிச்சம் வைத்துக்கொள்கிறான். இவர் மிச்சம் வைத்திருந்தது தன் மூக்கை.

மூன்றில் எது நல்லது என்று விரலால்தான் முடிவு செய்தார். நீலக் கேனில் வந்தது ஒட்டவில்லை, வழுக்கவில்லை, துணியில் கறை விடவில்லை. அதை வேனுக்குள் சீட்டு, கதவு, தரை என்று எங்கும் பூசித் துடைத்து, உள்ளே உட்கார்ந்து அடைகாத்தார். ஒன்றும் தெரியவில்லை. தலைமை நர்ஸ் கேட்டதுபோல, அது இருப்பதே தெரியவில்லை. முகத்தில் திருப்தி வந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வேக்கூம் பின்கதவைத் திறந்தாள்.

“அய்யய்யோ!” என்று இரண்டடி பின்னால் போனாள். “என்னண்ணே இது? பூக்கடைக்குள்ள குண்டு வெடிச்ச மாதிரி இருக்கு! எப்படி உள்ள உக்காந்திருக்கீங்க?”

மோப்பம் கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நடிக்காத.”

“நடிக்கத் தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து கண்டவன் சீட்டுக்கு அடியில பெருக்கறேன்?”

“யார் சொல்லிக் குடுத்தது? தம்பி மகனா?”

வேக்கூமுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். “அண்ணே, அந்த வண்டியில ஒரு நோயாளிய ஏத்தினீங்கன்னா தெரு திரும்பறதுக்குள்ள வாந்தி எடுத்துடுவாங்க. அவ்ளோதான் சொல்வேன்” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவருக்கு ஒரு நடுநிலையான சாட்சி தேவைப்பட்டது. எனக்குப் போன் செய்து வேக்கூம் சொன்னதையெல்லாம் சொன்னார். “மாப்ள, நீங்க வந்து ஒரு தடவ மோந்து பாத்துட்டுப் போங்க. உங்களுக்கு இந்தக் கடையில யாரையும் தெரியாது.”

போனேன். கதவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வேனிலிருந்து நாலு முழம் தள்ளி நின்றபோதே, சர்க்கரைப் பாகில் பூக்களை ஊறவைத்து மறந்துபோனதுபோல ஒரு தித்திப்பு தொண்டையில் வந்து ஒட்டியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

“மச்சான், வாசனை பலமா இருக்கு. அந்தம்மா சொன்னது நிஜம். காய்ச்சலுக்கு அப்புறம் உங்க மூக்குதான் சரியில்லன்னு நினைக்கறேன். காப்பித்தூள்லேருந்து எல்லாம் அதனாலதான்.”

அவர் கேட்டார்: “அவ சொன்ன அதே வார்த்தை. எல்லாரும் பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கறீங்க. உங்களுக்கு என்ன குடுத்தான் அந்தத் தம்பி மகன்?”

நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாதி அந்த அக்கா சொன்னாள், பாதியை அவரே வெகுநாள் கழித்துத் துண்டு துண்டாகச் சொன்னார். மறுநாள் அவர் மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். மனைவி வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். கதவைத் தாழிட்டார். ஒரே மாதிரியான மூன்று டம்ளர்களை எடுத்து, ஒன்றில் காப்பித்தூளையும் ஒன்றில் நசுக்கிய பூண்டையும் போட்டார். ஒன்றைக் காலியாக விட்டார். மூன்றையும் ஒரு தட்டில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டைச் சுற்றினார். பாட்டில்களுக்கு எத்தனையோ வருடமாக வைத்துவந்த சோதனை அது. ஒரு டம்ளரை எடுத்து மோந்தார். இன்னொன்றை எடுத்து மோந்தார். மூன்றாவதையும் மோந்தார். ‘இதுதான் காலி’ என்று ஒன்றைக் கையில் பிடித்தபடி கண்ணைத் திறந்தார். பூண்டு.

மறுபடி சுற்றினார். மறுபடியும் தவறியது. இன்னொரு முறை சரியாக வந்தது. அது குருட்டு யோகம் என்று அவருக்கே தெரிந்தது.

தாழ்ப்பாள் போட்டிருந்தது. பூண்டை நசுக்கியது அவர் கை. தட்டைச் சுற்றியதும் அவர் கைதான். கேன்காரர் இல்லை, வேக்கூம் இல்லை, முதலாளியம்மாவின் தம்பி மகன் இல்லை, நான் இல்லை. அந்த அடுக்களையில் சந்தேகப்படுவதற்கு அவரைத் தவிர வேறு ஆளே இல்லை.

மாலையில் அக்கா வந்தபோது டம்ளர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன கூத்து இது? வீடே நாறுது!”

“நாறுதா?”

“நாறாம? தெரு முனைக்கே வருது.”

“நிஜமாவா சொல்ற?”

“உங்க மேல சத்தியமா நாறுது. எழுந்திருங்க.”

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். அது அழுகையா பூண்டின் எரிச்சலா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். “காய்ச்சல்ல சிலருக்கு இப்படிப் போகும். வரலாம், வர நாளாகலாம், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். வெளியே வந்ததும், “இந்த ஆளு ஒண்ணையும் உறுதியாச் சொல்லல. அப்ப நல்ல டாக்டராத்தான் இருக்கணும்” என்று மட்டும் சொன்னாராம் மோப்பம்.

அன்றிரவு எனக்குப் போன் வந்தது.

“மாப்ள, உங்களுக்கு யாரும் எதுவும் குடுக்கல, இல்ல?”

“குடுக்கல மச்சான்.”

“தெரியும். சும்மா உறுதிப்படுத்திக்கிட்டேன்.”

அவரிடம் மன்னிப்பு இந்த வடிவத்தில்தான் வரும். வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலாளியம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டதற்கு, “சொன்னா அடுத்த நிமிஷம் அந்தப் பையன் என் நாற்காலியில உக்காந்துடுவான்” என்றார். தலைமை நர்ஸ் வருவதற்குள் வேன் தயாராக வேண்டும். வேறு வழியில்லாமல் அவர் போய் நின்றது வேக்கூமிடம். அவள் இயந்திரத்தை அணைக்கவே இல்லை. அந்த இரைச்சலுக்கு மேலே அவர் தன் மூக்கின் கதையைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நல்லவேளை, கடையில் அப்போது வேறு யாரும் இல்லை.

கேட்டு முடித்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள். “நான் நடிக்கறவளாச்சே அண்ணே.”

“ஒரு வாரம் நடிக்காம இரு.”

“இது மன்னிப்பா?”

“அதுக்குப் பக்கத்துல வரும்.”

அவள் சிரித்துவிட்டாள் என்கிறார். எனக்கு உறுதியில்லை. ஆனால் ஒப்புக்கொண்டாள்.

நாலு நாள் வேலை நடந்தது. முதல் காரியமாக வேனைப் பலமுறை வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்து, எல்லாக் கதவுகளையும் திறந்து காற்றாட விட்டு அந்தப் பூக்கடையை விரட்டினார்கள். பிறகு தேர்வு தொடங்கியது. அவர் விரலால் பார்த்தார், அவள் மூக்கால் பார்த்தாள். ஆனால் அடுத்தவர் மூக்கை அவர் எப்படி நம்புவார்? மாதிரிகளுக்கு நடுவே வெறும் தண்ணீரையும் கிண்ணத்தில் ஊற்றி வைத்தார்.

“இது தண்ணி” என்றாள் வேக்கூம். அடுத்ததை எடுத்தாள். “இது சோப்பு, வாசனை லேசு. இதுவும் தண்ணி. இது மறுபடி தண்ணி. எத்தன தண்ணிண்ணே மோக்கறது? தாகமா இருக்கு, குடிச்சிடட்டா?”

காலையில் காட்டிய மாதிரி ஒன்றை மாலையில் மறுபடி வைத்தார். “இதுல ஒண்ணுமில்ல” என்றாள்.

பாய்ந்து பிடித்துக்கொண்டார். “காலையில லேசாப் புளிக்குதுன்னே!”

“காலையில மூக்கு புதுசு. இப்ப களைச்சிப் போச்சு. கால் களைக்கும், கை களைக்கும், மூக்கு மட்டும் இரும்பாலயா அடிச்சிருக்கு?”

இத்தனை வருடம் அடைகாத்தவருக்கு இது புதிது. நெடுநேரம் மூடிய வண்டியில் உட்கார்ந்திருந்த தன் மூக்கும் களைத்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்குமோ என்று அன்றைக்குத்தான் யோசித்ததாக என்னிடம் சொன்னார். திருப்பி அனுப்பிய கேன்களைவிட, களைத்த மூக்கால் நல்லதென்று உள்ளே விட்ட கேன்கள்தாம் அவரை உறுத்தின. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவே அவளை வெளியே அனுப்பிக் காற்று வாங்கவைத்தார்.

இரண்டாவது விற்பனைக்காரர் கொடுத்த சீட்டுத் திரவத்தில் வாசனையே இல்லை என்று அவள் முடிவாகச் சொன்னாள். வேறு யாராயிருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை.

“வாசனை இல்லையா, இல்ல ஒளிஞ்சிருக்கா?”

“ஒளிஞ்சிருக்க அது என்ன திருடனா?”

“சூடாகட்டும், பாக்கலாம்.”

சீட்டில் பூசிக் காய்ந்ததும் வேனை உச்சி வெயிலில் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றினார். பிற்பகலில் அவள் கதவைத் திறந்தாள், உடனே மூடினாள். நனைந்த அட்டைப்பெட்டியை அடுப்பில் வைத்ததுபோல நாற்றம் என்றாள். வெயிலில் சூடேறிய வண்டியில்தானே நோயாளிகள் ஏறப் போகிறார்கள். அந்தக் கேனும் போயிற்று. கடைசியில் அவர்கள் தேர்ந்தெடுத்தது மிகச் சாதாரணமான ஒரு பட்டியல்: சீட்டுக்கும் தரைக்கும் சாயமில்லாத ஒரு சோப்பு, அதுவும் தண்ணீரில் நன்றாக நீர்க்கவிட்டது, டேஷ்போர்டுக்குப் பாலிஷே வேண்டாம், பிழிந்த ஈரத்துணி போதும், கண்ணாடிக்கு வெறும் தண்ணீர், மெல்லிய துணி, வெளியே கழுவ மூன்றாமவரின் ஷாம்பு, மெழுகு கிடையாது. டயர் கறுப்பாக மின்னாது. நோயாளி யாரும் டயரைப் பார்த்து வண்டியில் ஏறுவதில்லை என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

தலைமை நர்ஸ் வந்த அன்று என் வண்டியைக் கழுவ விடும் சாக்கில் நானும் போயிருந்தேன். அந்த அம்மாள் வேனில் ஏறி, கதவைச் சாத்தச் சொல்லி, உள்ளே உட்கார்ந்தார். நாங்கள் வெளியே நின்றோம். வேக்கூம்கூட இயந்திரத்தை அணைத்துவிட்டு வந்து நின்றாள். இறங்கியதும் நர்ஸ் சீட்டை இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

“இதத்தான் கேட்டேன். யார் பாத்துப் பொறுக்கினது?”

“நான்தான் சொன்னேனே, இவரோட மூக்குக்கு...” என்று முதலாளியம்மா தொடங்கினார்.

“என் மூக்கு இல்ல” என்றார் மோப்பம். “காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியல. மோந்தது இவ.”

முதலாளியம்மா அவரைப் பார்த்தார், வேக்கூமைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். “அப்ப நீ எதுக்கு?”

அதைவிட நேரான ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. அதற்குப் பதில் சொன்னது வேக்கூம், தன் வழக்கமான உச்சக் குரலில்.

“என் மூக்குக்கு ஒரு தடவ மோந்தா போதும்மா, சரின்னு சொல்லிட்டுப் போயிடுவேன். இவரு என்னை விடல. தண்ணிய ஊத்தி ஏமாத்திப் பாத்தாரு, வெயில்ல வெச்சுப் பாத்தாரு. நான் நல்லாருக்குன்னு சொன்னதுதான் வெயில்ல நாறிச்சு. மூக்கு யாருக்கு வேணா இருக்கு. இந்த மாதிரி உயிர வாங்க இவரால மட்டும்தான் முடியும்.”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளியம்மா சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இனி கேன் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. ரெண்டு பேரும் சரின்னாத்தான் உள்ள வரணும்” என்றார். தம்பி மகனைப் பற்றி அன்று பேச்சு எழவில்லை.

வீடு திரும்பும்போது என் வண்டியில் அவரையும் ஏற்றிக்கொண்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த இடத்தில் வாய் திறந்து உண்மையைச் சொன்னது பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றியது. பாராட்டு என் வாயில் சுலபமாக வருவதில்லை. வந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

“எது மாப்ள பெரிய காரியம்?” என்று இடைமறித்தார். “நான் சொல்லலைன்னா அவ சொல்லிடுவாளோன்னு சந்தேகம். அதான் முந்திக்கிட்டேன்.”

பாராட்டை விழுங்கிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். சிக்னலில் நின்றபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னார்.

“அவ சொல்லவே போறதில்ல போலிருக்கு. வாயத் திறக்காம நின்னுட்டு, முதலாளியம்மா கேட்டதும் எனக்காகப் பேசறா.”

“ஆமா. பேசினாங்க.”

“நான் அவள நடிக்கறான்னு சொன்னேன். கண்டபடி பேசினேன். அவளுக்கு இதுல ஒரு லாபமும் இல்ல.”

விளக்கு பச்சையாயிற்று. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

“எதுக்காகப் பேசியிருப்பா மாப்ள?” என்று உண்மையான கவலையோடு கேட்டார்.